முக்கால் இஞ்ச் காடியில 18 மிமீ ப்ளைவுட் ஆடுது, என்ன பண்ணலாம்?

மரத்தூள்:
புத்தக அலமாரி. மேல் பலகை 3 அடி, "முக்கால் இஞ்ச்" ப்ளைவுட். பக்கப் பலகை ரெண்டுலயும் முக்கால் இஞ்ச் ரவுட்டர் பிட் (மரத்தைக் குடையற மெஷினோட அலகு) வச்சு 6 மிமீ ஆழத்துக்குக் காடி, அதாவது தட்டு முனை சொருகுற பள்ளம், எடுத்தாச்சு. தட்டு நீளத்துக்கு 36 இஞ்ச்ல ரெண்டு பக்கப் பலகை தடிமனுக்கு ஒன்றரை கழிச்சு, காடிக்கு 12 மிமீ கூட்டி, 888.3 மிமீ அறுத்தேன். பசை போடாம கோத்துப் பார்த்தா தட்டு மேலயும் கீழயும் ஆடுது. க்ளாம்ப் இறுக்கினா பக்கப் பலகை நடுவுல உள்வாங்குது. லெவலிங் காலோட 5/16 இஞ்ச் போல்ட்டும் எம்8 (8 மிமீ) இன்செர்ட் நட்ல, அதாவது மரத்துக்குள்ள பதிச்ச நட்ல, மூணு சுத்துக்கு மேல ஏற மாட்டேங்குது.

உளி:
முதல் ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். பேருக்குத்தான் அது முக்கால் இஞ்ச்; பலகை 18 மிமீ. பிட் நிஜமாவே 19.05. ஆட்டம் அங்கேருந்து வருது. கழிச்ச ஒன்றரை இஞ்ச் 38.1, ஆனா ரெண்டு பலகை சேர்ந்து 36தான். அதனால தட்டு 2.1 மிமீ குட்டை. காடியோட அடி வரைக்கும் இடிக்கட்டும்னு இறுக்குறீங்க, பலகை வளையுது. வெர்னியர் (தடிமன் அளக்குற கருவி) வச்சு நாலு இடத்துல தடிமன் பார்த்துச் சொல்லுங்க. 18னு எழுதியிருந்தாலும் நம்பாதீங்க.

திருகு:
அந்த போல்ட்டை இனிமே ஒரு சுத்துகூட ஏத்தாதீங்க. 5/16 இஞ்ச்னா 7.94 மிமீ, அதான் எம்8 மாதிரியே நுழையுது. மரை வேற. எம்8க்கு சாதாரணமா பல்லுக்குப் பல் 1.25 மிமீ இடைவெளி. 5/16 கரடு மரைக்கு இஞ்சுக்கு 18 பல், அதாவது 1.41 மிமீ இடைவெளி. மூணு சுத்துல அரை மிமீ விலகிடும், அழுத்தினா மரை நசுங்கும். எம்8 கால் மாத்துங்க. இன்செர்ட் ஏற்கெனவே கெட்டிருந்தா எம்8 x 1.25 டேப் (உள்மரை வெட்டுற கருவி) ஒரு தடவை விடுங்க. சந்தேகம்னா ரெண்டு போல்ட்டையும் ஒட்டவச்சு வெளிச்சத்துல பிடிங்க. ஒரே மரைன்னா பல்லோடு பல் இடுக்கில்லாம உட்காரும்.

மரத்தூள்:
நாலு இடத்துலயும் 17.8. புது பலகை வாங்கணுமா?

உளி:
வேண்டாம். தட்டு ரெண்டு முனையிலயும் அடிப்பக்கம் 1 மிமீ வெனீர் (மெல்லிய மரத்தகடு) பட்டை ஒட்டுங்க. 18.8 ஆகும், மிச்சம் கால் மிமீ பசைக்கு. வெனீர் இல்லாம வெள்ளைப் பசையாலயே இடைவெளியை ரொப்பலாம்னு நினைக்காதீங்க, காய்ஞ்சா சுருங்கி விட்டுடும். தட்டு நீளத்தைத் தொட வேண்டாம். காடிக்குள்ள இன்னும் ரெண்டு பக்கமும் சுமார் 4.8 மிமீ உட்காருது, சுமைக்குப் போதும்.

உள்வாங்காம இருக்க 914.4ல 35.6 கழிச்சு, 878.8 மிமீக்கு ரெண்டு கட்டை அறுங்க. பக்கப் பலகைகளுக்கு நடுவுல, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு வச்சு, அந்தக் கட்டை மேல வர்ற மாதிரி க்ளாம்ப் போடுங்க. மூலைவிட்டம் ரெண்டும் மிமீல சமமான்னு பார்த்த பிறகு பசை. அடுத்த தடவை 12 மிமீ பிட்ல ரெண்டு ஓட்டம் விட்டு, அதே ஷீட்டோட துண்டைச் சொருகிப் பார்த்துக்கிட்டே காடியை அகலப்படுத்துங்க.