4 கியர் ஆட்டோமேட்டிக்க குடுத்துட்டு 8 கியர் வாங்கணுமா? நம்ம டெல்டா ரோட்டுல வித்தியாசம் தெரியுமா?

வெண்ணாத்தங்கரை:
அண்ணன்மாரே ஒரு சந்தேகம். என்கிட்ட 7 சீட்டர் பெட்ரோல் வண்டி இருக்கு, 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், ஏஎம்டி (மேன்யுவல் பாக்ஸுல மோட்டாரே கியர் மாத்தறது) இல்ல, டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் சுத்த ஆயில் வழியா பாக்ஸுக்குக் கடத்தறது). 62 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிருக்கு, இதுவரைக்கும் பெருசா ஒரு செலவும் வைக்கல. மன்னார்குடியிலேர்ந்து தஞ்சாவூர் வாரத்துக்கு நாலு நாள், மாசத்துக்கு ஒருதடவை திருச்சி, எப்பவாவது மெட்ராஸ், அவ்ளோதான் ஓட்டம். தீபாவளிக்கு மச்சினன் வந்திருந்தான், என் வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டிட்டு "என்ன மாமா இன்னும் நாலு கியர வச்சி உருட்டிக்கிட்டு இருக்கீங்க, இப்பல்லாம் எட்டு கியர் பத்து கியர் வந்தாச்சு"ன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டான். அதுலேர்ந்து வீட்டம்மாவும் ஆரம்பிச்சிட்டாங்க. எனக்கு உள்ள ஒரே குறை, வைக்கோல் ஏத்துன டிராக்டர தாண்டலாம்னு மிதிச்சா வண்டி கத்துது, ஆனா ஓடல. மத்தபடி ஓகே. கியர் கூடக்கூட நல்லதா, இல்ல சும்மா விளம்பரமா?

கும்மோணம் பட்டறை:
மச்சினன் சொன்னது பாதி சரி. நான் ஆட்டோமேட்டிக் பாக்ஸ் இறக்கி ஏத்துற ஆளு, எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

கியர் எண்ணிக்கைய மட்டும் பாக்காதீங்க, முதல் கியருக்கும் கடைசி கியருக்கும் எவ்ளோ தூரம்னு பாருங்க. நம்ம காவேரி படித்துறை மாதிரி வச்சிக்கங்க. மேலேர்ந்து தண்ணி வரைக்கும் மொத்த உயரம் ஒண்ணு, அதுல எத்தன படி போட்டிருக்கான்ங்கறது இன்னொண்ணு. பழைய 4 ஸ்பீடுல முதல் கியர் 2.8 கிட்ட (அதாவது எஞ்சின் 2.8 சுத்து சுத்துனா பாக்ஸ் வெளிய 1 சுத்து), கடைசி 0.7 கிட்ட இருக்கும், அப்போ மொத்த விரிவு 4 மடங்கு. இசட்எஃப் கம்பெனியோட 8 ஸ்பீடுல முதல் கியர் 4.7, கடைசி 0.67, அதாவது 7 மடங்கு. உயரமும் கூடிப்போச்சு, படியும் கிட்ட கிட்ட வந்துடுச்சு. உங்க வண்டியில 1லேர்ந்து 2க்கு மாறும்போது 4000 ஆர்பிஎம்ல இருந்த எஞ்சின் 2200 கிட்ட தொபுக்குன்னு விழும், அந்த 8 ஸ்பீடுல 2650க்கு மேலயே நிக்கும், மேல் கியருல இன்னும் கம்மியாத்தான் விழும். நீங்க டிராக்டர் பின்னாடி 30ல போய்ட்டு மிதிக்கறப்ப கத்துதே, அது இந்தப் பள்ளம்தான். 2ல போட்டா எஞ்சின் அலறும், 3ல போட்டா இழுக்காது, நடுவுல ஒண்ணு இல்ல.

அதனால 4லேர்ந்து 6க்குப் போனா நல்லாவே தெரியும். 6லேர்ந்து 8க்குப் போனா நம்ம பக்கம் தெரியறது கஷ்டம். மேல் ரெண்டு கியரும் நாலுவழிச்சாலையில நின்னு நிதானமா ஓடறதுக்கு, எஞ்சின மெதுவா சுத்தவிட்டு பெட்ரோல மிச்சம் பண்றதுக்கு. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல நிக்கிற வண்டிக்கு எட்டாவது கியர் எதுக்கு?

பழையசோறு:
அந்த கேட்டுக்கு எத்தன கியர் போட்டாலும் பத்தாது 😂

கியர்ப்பித்தன்:
இந்த எண்ணிக்கை கதை ஒண்ணும் புதுசு இல்ல சார். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல்ல வந்த ஹைட்ராமேட்டிக்லயே 4 கியர் இருந்துச்சு. பத்து வருஷம் கழிச்சி 1950ல அதே ஜெனரல் மோட்டார்ஸ் ஷெவர்லேக்கு பவர்கிளைடு விட்டான், அதுல வெறும் 2 கியர்! 1973 வரைக்கும் ஓடுச்சு. ரெண்டே கியர், மீதிய டார்க் கன்வெர்ட்டர் வழுக்கி வழுக்கி பாத்துக்கும், பெட்ரோல் தண்ணி மாதிரி போகும், அப்ப அங்க யாரும் கவலப்படல. அப்புறம் எரிபொருள், புகை சட்டமெல்லாம் இறுகுன பிறகுதான் ஓட்டம் புடிச்சாங்க. 2001ல பிஎம்டபிள்யூ 6, 2003ல மெர்சிடிஸ் 7, 2006ல லெக்ஸஸ் 8, 2013ல 9, 2017ல ஃபோர்டும் ஜிஎம்மும் சேந்து பண்ண 10.

அதுக்காக கியர் கூடுனா உள்ள பார்ட்ஸும் அதே அளவு கூடும்னு நெனச்சிடாதீங்க. அந்த இசட்எஃப் 8ல பிளானட்டரி செட் (நடுவுல ஒரு பல்சக்கரம், அதச் சுத்தி சின்னச் சக்கரங்க) 4, அதுங்களப் பிடிச்சு விடற கிளட்ச், பிரேக் எல்லாம் சேத்து 5தான். அவனோட பழைய 6லயும் அதே 5தான் இருந்துச்சு. ஆனா 6ல ஒரு நேரத்துல ரெண்டு பிடிச்சிருக்கும் மூணு சும்மா உரசிக்கிட்டு கெடக்கும், 8ல மூணு பிடிச்சிருக்கும் ரெண்டுதான் சும்மா. உரசல் கம்மி. அது மூளை. ஆனா 9ல என்னாச்சு பாருங்க, 2013ல அமெரிக்காவுல ஜீப் செரோகி கட்டி ரெடியா நிக்குது, அந்த 9 ஸ்பீடோட சாஃப்ட்வேர் படியலன்னு டெலிவரியே தள்ளிப்போச்சு. கியர் போடறது சுலபம், எப்ப எதப் போடணும்னு கம்ப்யூட்டருக்கு சொல்லிக்குடுக்கறதுதான் பாடு.

மஸ்கட் மாப்ள:
சொந்த ஊரு திருத்துறைப்பூண்டி, இங்க கம்பெனி பிக்கப் 10 ஸ்பீடு ஓட்டறேன். பாலைவன ரோட்டுல 120ல வச்சிட்டா எஞ்சின் இருக்கற சத்தமே கேக்காது, சொகம்னா சொகம். ஊருக்குள்ள வந்தா 3, 4, 5, 4, 3ன்னு அது பாட்டுக்கு கணக்கு போட்டுக்கிட்டே இருக்கும், சில நேரம் மிதிச்சா ஒரு நொடி யோசிக்கும் பாருங்க, கடுப்பா வரும். லீவுல ஊருக்கு வந்து அப்பாவோட பழைய சிவிடி வண்டிய எடுப்பேன், அதுல கியரே இல்ல, பெல்ட்டு, ஆனா நம்ம ரோட்டுக்கு அதுதான் வழவழன்னு போகுது, என்ன, மிதிச்சா மிக்சி மாதிரி சத்தம். கரண்டு கார்ல பெரும்பாலும் ஒரே கியர்தான். அப்ப மச்சினன் கணக்குப்படி அதுதான் மட்டமான வண்டியா?

கும்மோணம் பட்டறை:
மாப்ள சொல்றது கரெக்ட். இன்னொண்ணு விட்டுட்டேன். புது பாக்ஸ்ல லாக்கப் கிளட்ச் (எஞ்சினையும் பாக்ஸையும் நேரா சேத்துப் பூட்டறது) கீழ் கியருலயே பூட்டிக்கும், கன்வெர்ட்டர் வழுக்கறது கம்மி, சூடு கம்மி. மைலேஜ் கூடறதுல இதுக்கும் பங்கு இருக்கு, பேரு மட்டும் கியருக்கு.

செலவையும் யோசிங்க. நெறைய புது பாக்ஸ்ல டிப்ஸ்டிக்கே (ஆயில் அளவு பாக்கற குச்சி) கிடையாது, ஸ்கேனர மாட்டி ஆயிலோட சூட்டப் பாத்துத்தான் லெவல் வைக்கணும், எல்லாப் பட்டறையிலயும் முடியாது. "ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேணாம்"னு சொன்னா நம்பாதீங்க, இசட்எஃப்காரனே 80 ஆயிரத்துலேர்ந்து 1,20,000 கிலோமீட்டருக்குள்ள மாத்துங்கறான். உங்க 62 ஆயிரம் வண்டிக்கும் இதுவரைக்கும் மாத்தலன்னா மொதல்ல அத மாத்துங்க. ஐப்பசி கார்த்திகையில முட்டியளவு தண்ணியில விட்டு எடுத்திருந்தா உடனே மாத்துங்க, பாக்ஸோட மூச்சுக்குழாய் (காத்து போய்வர்ற சின்னக் குழாய்) வழியா தண்ணி உள்ள போயிருந்தா பாக்ஸ் காலி.

வெண்ணாத்தங்கரை:
ரொம்ப நன்றிண்ணே. போன ஐப்பசியில வடுவூர் பக்கம் தண்ணியில விட்டிருக்கேன், இத படிச்சதும் வயித்துல புளியக் கரைச்சிடுச்சு, திங்கக்கிழமை ஆயில் பாக்கச் சொல்லிருக்கேன்.

நேத்து சித்தப்பா பையனோட 6 ஸ்பீடு வண்டிய வாங்கி அதே ரூட்டுல ஓட்டிப் பாத்தேன். டிராக்டர் தாண்டறது நெசமாவே வேற மாதிரி இருக்கு, மிதிச்சா ஒரு கியர் எறங்கி கத்தாம இழுக்குது. அப்புறம் மேன்யுவல்ல போட்டு எந்த கியர்னு பாத்துக்கிட்டே வந்தேன், மன்னார்குடியிலேர்ந்து தஞ்சாவூர் வரைக்கும் 4, எப்பவாவது 5. ஆறாவது கியர் விழுந்தது வல்லம் தாண்டி திருச்சி ரோட்டுலதான், அதுக்காகவே செங்கிப்பட்டி வரைக்கும் போயிட்டு திரும்பினேன், பெட்ரோல் காசு கேக்கறான் இப்ப. 100ல அவன் வண்டி 2000த்துக்கு கொஞ்சம் மேல காட்டுது, என்னுது 2600ஐ தாண்டிடும்.

ஆக 8 வேணாம். ஆயில் நல்லா இருந்தா இன்னும் ஒரு வருஷம் இதையே ஓட்டிட்டு, பழைய 6 ஸ்பீடா ஒண்ணு பாக்கலாம்னு இருக்கேன்.

பழையசோறு:
மச்சினன் என்ன வண்டி வச்சிருக்கார் அண்ணே?

வெண்ணாத்தங்கரை:
ஏஎம்டி தம்பி. 5 கியர்.