மலர்வளையச் செலவு 140 டாலர்: விளக்கம் தேவை

டொராண்டோவிலிருந்து பொருளாளர்:

ஊர்க்காரர்கள் அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் செலவில் 'ஆர்மீனியர் நினைவிடம், மலர்வளையம், 140 டாலர்' என்று ஒரு வரி இருக்கிறது. யாரைக் கேட்டுச் செய்தது? இது கம்மாய் தூர்வாரப் பிரித்த பணம். ஆர்மீனியர்கள் எங்கேயோ செத்து 110 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் எதற்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், நாம் எதற்குக் கூடப் போய் நிற்கிறோம்? ரசீதும் வரவில்லை. மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

அமெரிக்கா, க்ளென்டேலிலிருந்து:

சித்தப்பா, ரசீதை இணைத்திருக்கிறேன். பொங்கலுக்குப் பேசி வைத்த மண்டபம் முதல் நாள் கைவிரித்ததே, ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்குத் தேவாலயக் கூடத்தைத் திறந்துவிட்டது என் எதிர்வீட்டு ஆர்மீனியப் பாட்டியும் அவர் சங்கத்து ஆட்களும். அதுவும் ஊர்ச் சங்கம்தான். 'வாடகை 0' என்று எழுதியது நீங்கள்.

பாட்டியின் பூர்வீகம் கார்பெர்ட். கிழக்குத் துருக்கியில் இருக்கிறது, ஆனால் அங்கே இவர்கள் யாரும் இல்லை. நம்ம கம்மாயில் தண்ணீர் இல்லையென்றாலும் டிக்கெட் போட்டுப் போய்ப் பார்த்துப் புலம்பலாம். அவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். யெரெவான் நகரத்தில் நோர் அராப்கிர், நோர் ஸெய்த்தூன் என்று பேட்டைகளே உண்டு. நோர் என்றால் புது. நம்ம புதூர் மாதிரி.

நீங்கள் கணக்குப் பார்ப்பவர், அதனால் கணக்கிலேயே சொல்கிறேன். 1915-இல், அப்போது துருக்கியை ஆண்ட ஒட்டோமான் அரசு, ஆர்மீனியர்களைக் கூட்டம் கூட்டமாகச் சிரியப் பாலைவனத்துக்கு நடத்திப் போனது. செத்தவர்கள் 15 லட்சம் வரை என்பார்கள். விட்டுப்போன வீடு, நிலம், கடைகளுக்கு ஒட்டோமான் அரசு கமிஷன் வைத்துப் பேரேடு எழுதியது. சட்டத்தில் அதற்குப் பெயர் 'கைவிடப்பட்ட சொத்து'. விரட்டியவனே எழுதிய வார்த்தையைப் பாருங்கள்! உள்துறை அமைச்சர் தலாத், அமெரிக்கக் கம்பெனிகளில் ஆயுள் காப்பீடு எடுத்த ஆர்மீனியர்களின் பட்டியலை அமெரிக்கத் தூதர் மார்கெந்தாவிடம் கேட்டிருக்கிறார். ஆளும் இல்லை, வாரிசும் இல்லை, அதனால் பணம் அரசுக்குத்தானே என்று. தூதரே தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த மாதிரிப் பழைய பாலிசிகளுக்காக இங்கே லாஸ் ஏஞ்சலஸில் வாரிசுகள் வழக்குப் போட்டு, 2004-இல் நியூயார்க் லைஃப் கம்பெனி 2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 89 வருஷம், சித்தப்பா. நீங்கள் ஒரு ரசீதுக்கு மூன்று மடல் போடுகிறீர்கள்.

பழசு என்கிறீர்கள். இஸ்தான்புல்லில் இதைப் பற்றிப் பேசியும் எழுதியும் வந்த பத்திரிகை ஆசிரியர் ஹிராந்த் டிங்க்கை, 2007 ஜனவரியில் அவர் அலுவலக வாசலிலேயே சுட்டார்கள். யாருக்கும் வலிக்காத பழசுக்கு எதற்குத் துப்பாக்கி?

இத்தனைக்கும் 1919-இல் அதே இஸ்தான்புல் இராணுவ நீதிமன்றம்தான், தப்பி ஓடியிருந்த தலாத்துக்கு மரண தண்டனை விதித்தது. அப்புறம் புது அரசு வந்தது, அந்தப் பேச்சு அப்படியே அமுங்கிப்போனது. இன்றைக்கும் துருக்கி அரசு சொல்வது, போர்க்காலம், எல்லாப் பக்கமும் சாவு, இனப்படுகொலை இல்லை என்பதுதான். உருகுவே அது இனப்படுகொலைதான் என்று 1965-லேயே ஏற்றுக்கொண்டது. ஜெர்மனி நாடாளுமன்றத்துக்கு 2016 ஆனது. அமெரிக்காவுக்குத் துருக்கியின் தயவு வேண்டும், அதனால் ஒபாமா, நினைவு நாள் வரும் ஏப்ரலுக்கு ஏப்ரல், 'மெட்ஸ் யெகெர்ன்' (பெருங்கொடுமை) என்று ஆர்மீனிய மொழியிலேயே சொல்லி நழுவினார். 'இனப்படுகொலை' என்ற அந்த ஒரு வார்த்தை அதிபர் பைடன் வாயில் வர 2021 ஆனது. அன்றைக்குப் பாட்டி தெருவுக்கே இனிப்பு கொடுத்தார். நீங்கள் கேட்ட கேள்வியை நானும் அவரிடம் கேட்டிருக்கிறேன். "செத்தார்கள் என்று சொல்லிவிடுகிறார்கள். கொன்றோம் என்றுதான் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்" என்றார்.

சென்னையிலிருந்து பெரியப்பா:

தம்பி எழுதியதைப் படித்ததும் பாரிமுனை ஞாபகம் வந்துவிட்டது. வேலைக்குப் போன புதிதில் அரண்மனைக்காரத் தெருவில் அரண்மனை எங்கே என்று தேடியவன் நான். ஆர்மீனியன் தெருதான் நம்மவர் வாயில் அப்படி ஆயிற்று. 1772-இல் கட்டிய அவர்கள் கோயில் இன்னும் இருக்கிறது. உலகத்திலேயே முதல் ஆர்மீனியப் பத்திரிகை, 1794-இல், நம்ம மெட்ராஸில்தான் அச்சானது. வெயிலுக்கு அந்தக் கோயில் முற்றத்தில் எத்தனை மத்தியானம் உட்கார்ந்திருக்கிறேன், ஒருவரும் எழுந்து போ என்றதில்லை. 140 டாலரை நான் தருகிறேன், பேச்சை விடுங்கள்.

துபாயிலிருந்து:

வளையத்தில் நம்ம ஊர்ப் பெயர் போட்டீர்களா, இல்லை க்ளென்டேல்காரர் தன் பெயரைப் போட்டுக்கொண்டாரா? ஒத்துக்கொள்வது பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். நூலகத்துக்கு நிலம் கொடுத்தது என் அப்பா. வெள்ளையடிக்கக் கழற்றிய பெயர்ப்பலகை திரும்ப ஏறவில்லை. கேட்டால் அப்படி ஒரு பலகையே இருந்ததில்லை என்று இதே குழுவில் எழுதினார்கள். யார் என்று அவருக்கே தெரியும்.

பொருளாளர்:

ரசீது கிடைத்தது. பெரியப்பா பணம் வேண்டாம். கம்மாய்க் கணக்கில் காட்ட முடியாது, பொங்கல் செலவில் 'மண்டபம், 140' என்று ஏற்றுகிறேன். வளையத்தின் படம் இருந்தால் அனுப்பவும்.

பலகை, என் வீட்டுப் பரணில் இருக்கிறது.