தோழியோட கதையில அக்காவைப் பேச வைக்கலாமா?

கெடிலக்கரை:
எங்க எம்.ஏ. வகுப்புல வாரம் ஒருத்தர் தான் எழுதின கதையை வாசிக்கணும், மத்தவங்க கருத்து சொல்லணும். இந்த வாரத் தோழியோட கதை இது: 2011 டிசம்பர் கடைசியில அடிச்ச தானே புயல்ல பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு மொத்தமா சாஞ்சிடுது. அடுத்த வருஷம் அப்பா இறந்துடறார். தம்பிங்க ரெண்டு பேரும் நிலத்தைப் பிரிச்சுக்கறாங்க, அதே வருஷம் ஒரு தம்பி அந்தத் தோப்புல முந்திரிக்கொட்டை பொறுக்கறான். கடலூருக்கு வாக்கப்பட்ட அக்கா வந்து, தன் பங்கை விட்டுக்கொடுக்கற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டு பஸ் ஏறிடறா. கதை முழுக்க அவ வாயே திறக்கல. கடைசிப் பத்தியில சின்னத் தம்பி "அக்கா தெய்வம்"னு அழறான். நான் சொன்னது ரெண்டே விஷயம்: கடைசிப் பத்தியை வெட்டு, அக்காவை ஒரு இடத்துலயாவது பேச விடு. "அது அவ வீட்டுக் கதை, நீ எப்படிக் கை வைக்கலாம்?"னு பாதி வகுப்பு என்மேல பாயுது.

மஞ்சக்குப்பம்:
அவ பேசாததுதாங்க கதையே. பங்கு கேட்டா பொங்கச் சீர் நிக்கும், தம்பி பொண்டாட்டி மூஞ்சி மாறும், நாளைக்குப் புருஷனோட சண்டைன்னா போய் நிக்க ஒரு வாசப்படி இருக்காது. இதெல்லாம் தெரிஞ்சவ எப்படிப் பேசுவா? நீங்க பேச வச்சா அது மேடை நாடகம்.

கெடிலக்கரை:
சீரு, வாசப்படி எல்லாம் நீங்க சொல்றீங்க, தோழி எழுதலையே. கதையில ஒரு மஞ்சப்பை கூட இல்ல. எழுதாத மௌனத்தை வாசகன் எதை வச்சு நிரப்புவான்?

பலாக்கொட்டை:
இன்னொரு ஓட்டை. புயலுக்கு அடுத்த வருஷமே தம்பி அந்தத் தோப்புல கொட்டை பொறுக்கறானாமே? ஒட்டுக்கன்னு வச்சாலும் காய்ப்புக்கு மூணு வருஷமாவது வேணும். அதைத் திருத்தச் சொல்லுங்க.

பத்திரக்காரர் மகன்:
அப்பா உயில் எழுதலைன்னா, அவர் சுயமா வாங்கின நிலத்துல 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்துன்னா, அதுலயும் மகளுக்குச் சம பங்கு கொடுத்த 2005 திருத்தம் இருக்கு. தமிழ்நாட்டுல 1989லயே வந்துடுச்சு, ஆனா அப்போ கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு மட்டும். பங்கு இருக்கறதாலதான் அவ கையெழுத்தே தேவைப்படுது. அப்புறம், கையெழுத்துப் போட்டதும் பஸ் ஏற முடியாது. போட்டோ, கைரேகை எடுப்பாங்க. "நீங்கதான் எழுதிக் கொடுத்தீங்களா?"ன்னு சார்பதிவாளர் கேப்பார். "ஆமா"ன்னு அவ வாயால சொல்லியே ஆகணும். "மனப்பூர்வமாக"ன்னு பத்திரத்துல எழுதறது நாங்க, அது வேற கதை!

மஞ்சக்குப்பம்:
அடடா, அந்த ஒரு "ஆமா" போதுமே! வேற வசனமே வேணாம். ஆனா கடைசிப் பத்தியில கை வைக்காதீங்க. நிலத்தை வாங்கிக்கிட்டவன் "தெய்வம்"னு அழத்தான் செய்வான். அந்த அழுகையை யாரு நம்புவா?

கெடிலக்கரை:
எங்க வகுப்பே நம்பிச்சு, ரெண்டு பேர் கண்ணைத் துடைச்சாங்க. அவனைச் சந்தேகப்பட ஒரு வரியாவது கதையில வேணாமா?

தேவனாம்பட்டினம்:
"அவ வீட்டுக் கதை"ன்னு எழுதின பொண்ணே சொன்னாளா? சொல்லலைன்னா வகுப்புல அந்தப் பேச்சை எடுத்தவங்கதான் முதல்ல வாயை மூடணும். கதையில இருக்கற அக்காவைப் பத்தி எவ்வளவு வேணா பேசுங்க, வீட்டுல இருக்கற அக்காவை விட்டுடுங்க.

கெடிலக்கரை:
சொல்லல. நானும் கேக்கல. "ஆமா" விஷயத்தை நாளைக்கு அவகிட்ட சொல்றேன். கடைசிப் பத்தி வேணாம்ங்கறதுல நான் மாறல.

மஞ்சக்குப்பம்:
நானும் மாறல. அவன் அழட்டும், விடுங்க.