மொட்டைக் கடுதாசியை வைத்து ஆபீஸில் விசாரணை: எழுதிக் கொடுப்பதா?

வெண்ணாற்றங்கரை:
திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் நான். பயிர்ச் சேத நிவாரணக் கோப்புகள் என் மேசையில்தான். எனக்குப் பெண்கள் மீது நாட்டம் கிடையாது. தோழனோடு கும்பகோணத்தில் ஒரு மாடி வீட்டில் இருக்கிறேன். போன மாதம் பேர் போடாத மனு ஒன்று மேலே போயிருக்கிறது. நான் இல்லாத நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து ஒருவர் வீட்டுக்காரம்மாவிடம் போய், "மாடில எத்தனை கட்டில் கிடக்கு?" என்று கேட்டிருக்கிறார். "வாடகை ஒண்ணாந்தேதி வந்துடுது, போய்ட்டு வாங்க" என்று அந்த அம்மா அனுப்பிவிட்டார்.

நேற்று அதிகாரி கூப்பிட்டு, "யாராவது இதை வச்சு உன்னை மிரட்டிக் கோப்பு வாங்கிட்டா? உண்மையை எழுதிக் குடுத்துடு, நான் பாத்துக்கறேன்" என்று வெள்ளைத் தாளை நீட்டினார். திங்கட்கிழமை வரை தவணை கேட்டிருக்கிறேன். அம்மாவுக்கு எதுவும் தெரியாது. என்ன செய்ய?

மாயவரம் ஓய்வூதியர்:
தம்பி, ஒரு வரி எழுதாதீங்க. ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவிலேயே தலை நரைத்தவன் நான். அந்த வெள்ளைத் தாள்தான் நாளைக்கு 17 பி, அதாவது கடும் தண்டனைக்கான விதியின் கீழ் வரும் குற்றச்சாட்டு மெமோவுக்கு ஆதாரமாகக் கோப்பில் உட்காரும். "பாத்துக்கறேன்" என்றவர் மாற்றலாகிப் போய்விடுவார், தாள் போகாது.

மிரட்டல் என்று அவர் சொல்லும் காரணம் பழையது. அமெரிக்காவில் 1953-இல் ஜனாதிபதி ஐசனோவர் ஆணை போட்ட காலத்தில், இதே காரணம் சொல்லித்தான் உங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களைத் துருவித் துருவி விசாரித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ராணுவ வரைபடத் துறையில் இருந்த வானியலாளர் ஃபிராங்க் கமேனிக்கு 1957-இல் வேலை போனது. அவர் உச்ச நீதிமன்றம் வரை போயும் கதவு திறக்கவில்லை. அரசு மன்னிப்புக் கேட்டது 2009-இல். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தால்தானே ஒருவனை மிரட்ட முடியும்? அந்தப் பயத்தை உண்டாக்குவதே இந்த விசாரணைதான்.

நன்னிலம் நண்பன்:
இவ்வளவு எதுக்கு? ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்குங்க, பேச்சு அடங்கிடும்.

மாயவரம் ஓய்வூதியர்:
அந்தப் பொண்ணு என்ன பாவம் செய்தாள்? இப்படிப் பண்ணி வைத்த கல்யாணங்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இந்த யோசனையை யாருக்கும் சொல்லாதீங்க.

தஞ்சை வக்கீல்:
சட்டம் உங்கள் பக்கம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். வயது வந்த இருவர் மனமொப்பி இருப்பது குற்றமில்லை என்பது அதே நீதிமன்றத்தின் 2018 செப்டம்பர் 6 தீர்ப்பு. உங்களுக்கு நெருக்கமான வழக்கும் உண்டு. உத்தரப் பிரதேசம் புலந்த்ஷகரில் ஓர் ஊர்க்காவல் படைக்காரரைத் தோழனோடு இருந்த வீடியோவைக் காட்டி 2019-இல் நீக்கினார்கள். 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து அவரை மறுபடி பணியில் சேர்க்கச் சொன்னது.

திங்கட்கிழமை நீங்கள் கொடுக்க வேண்டியது மூன்று வரிக் கடிதம்தான்: எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள், மனுவின் நகல் தாருங்கள், எழுத்தில் கேட்டால் என் பணி சம்பந்தப்பட்டதற்குப் பதில் தருகிறேன். ஆம் என்றோ இல்லை என்றோ எழுத வேண்டாம். இல்லை என்று பொய் எழுதினால் அதுவே தனிக் குற்றச்சாட்டாகும். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். தற்காலிகப் பணிநீக்கம் வரை போனால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஆபீஸ் தஞ்சாவூர் மாவட்டத்தில் என்றால் மதுரைக் கிளை, உங்கள் ஆபீஸ் திருவாரூரில் என்பதால் சென்னை.

வெண்ணாற்றங்கரை:
கொடுத்துவிட்டேன். முத்திரை போட்ட நகல் கையில் இருக்கிறது. அதிகாரி படித்துவிட்டு, "இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?" என்று மட்டும் கேட்டார். மெமோ எதுவும் வரவில்லை. வந்தால் இங்கேயே எழுதுகிறேன். ஓய்வூதியர் ஐயா, வக்கீல் சார், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.