முதன்மை என்று குறித்த அட்டையை விட்டுவிட்டு வேறு அட்டையில் பணம் எடுக்கப்பட்டால் யாரிடம் முறையிடுவது?

மாலைவகுப்பு (ரோஸ் ஹில்) எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். நான் மொரீஷியசின் ரோஸ் ஹில்லில் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடத்திவரும் ஆசிரியை. பாடத் தாள்களை வடிவமைப்பதற்காக வெளிநாட்டு மென்பொருள் ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா கட்டுகிறேன். அந்தப் பணம் ஓர் இணையக் கட்டணச் சேவையின் வழியாகச் செல்கிறது. அச்சேவையில் என்னுடைய இரண்டு அட்டைகள் பதிவாகியுள்ளன. ஒன்று வீட்டுச் செலவுக் கணக்கோடு இணைந்த டெபிட் கார்டு; மற்றொன்று வகுப்புச் செலவுக்கென்றே சென்ற டிசம்பரில் வாங்கிய கிரெடிட் கார்டு. அது கைக்கு வந்த அன்றே அதைச் சேவையில் சேர்த்து, முதன்மை அட்டை என்று காட்டும் ‘டிஃபால்ட்’ குறியையும் அதற்கே மாற்றிவிட்டேன். அதன்பின் வாங்கிய இரண்டு நூல்களுக்கும் கிரெடிட் கார்டிலிருந்தே பணம் சென்றதால், மாற்றம் முறையாகப் பதிவாகிவிட்டது என்றே நம்பியிருந்தேன்.

சென்ற மாதம் சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டபோது, 119 டாலருக்கு ஈடாக 5,680 ரூபாய் டெபிட் கார்டிலிருந்து எடுக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இருந்தது 18,000 ரூபாய். மறுநாள் அதிலிருந்து போகவேண்டிய 16,500 ரூபாய் வீட்டுக் கடன் தவணை, போதிய பணம் இல்லை என்று திரும்பியது. வங்கி அதற்கென்று தனிக் கட்டணமும் பிடித்துக்கொண்டது. கட்டணச் சேவைக்கு மூன்று முறை எழுதிக் கேட்டும், “உங்கள் கணக்கின் அமைப்புகள் சரியாகவே செயல்பட்டுள்ளன” என்ற ஒரே வரிதான் மூன்று முறையும் பதிலாக வந்தது. நான் குறித்த அட்டையை அவர்கள் மதிக்கவேண்டிய கடமை இல்லையா? இதை வங்கியிடம் சொல்லி, கார்டு வழியாகப் பணத்தைத் திரும்பப் பெறலாமா?

பேரேடு (காத்ர் போர்ன்) எழுதியது:

வணக்கம் அம்மா. நான் கணக்கர். இதே சிக்கலோடு என்னிடம் வரும் சிறுவணிகர்கள் குறைவில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீங்கள் மாற்றியது ஒரு குறி; பணம் எடுக்கப்பட்டது வேறொரு குறியின்படி. இத்தகைய சேவைகள் பெரும்பாலானவற்றில் ‘டிஃபால்ட்’ என்பது, நீங்கள் திரையின் முன் அமர்ந்து புதிதாக ஒன்றை வாங்கும்போது முதலில் காட்டப்படவேண்டிய அட்டை எது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தாவோ, அதை முதன்முதலில் ஒப்புக்கொண்ட நாளில் அந்த விற்பனையாளருக்கென்று எழுதப்பட்ட தனி ஒப்பந்தத்தின்படி நடக்கிறது. அன்று எந்த அட்டை இருந்ததோ அதுவே அதில் நிலைத்திருக்கும். அமைப்புகளுக்குள் ‘தானியங்கிக் கட்டணங்கள்’ என்ற பொருள்படும் பகுதியைத் திறந்தால் விற்பனையாளர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும்; ஒவ்வொரு பெயருக்குள்ளும் சென்று அட்டையைத் தனித்தனியாக மாற்றவேண்டும். உங்கள் இரண்டு நூல்களுக்கும் கிரெடிட் கார்டில் பணம் போனதும், சந்தாவுக்குப் போகாததும் இதனால்தான்.

இதற்கு மேலும் இரண்டு அடுக்குகள் உண்டு. சேவையின் பணப்பையில் இருப்புத் தொகை ஏதேனும் இருந்தால், எந்த அட்டையைக் குறித்திருந்தாலும் முதலில் அதையே எடுக்கும் சேவைகள் உள்ளன. குறித்த அட்டையில் பணம் வராவிட்டால் அடுத்ததாக முயலவேண்டிய ‘மாற்று’ அட்டையும் இருக்கும்; கூகுள் பிளேயில் சந்தாவுக்கு அத்தகைய மாற்று முறையை வைத்துக்கொள்ள முடியும். பழைய அட்டை காலாவதியானால் சந்தா தானே நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் செல்லாது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டுமே புதிய அட்டையின் எண்ணை விற்பனையாளருக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன.

வங்கி வழியாகச் சார்ஜ்பேக், அதாவது கார்டில் போன பணத்தைத் திருப்பித் தரும்படி, கேட்பது பற்றி: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அனுமதியில்லாமல் பணம் எடுக்கப்பட்டது என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், சந்தாவை ஒப்புக்கொண்ட பதிவை எதிர்த்தரப்பு காட்டும். வழக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும். சேவை உங்கள் கணக்கை முடக்கவும் கூடும். மென்பொருள் நிறுவனத்திற்கே எழுதி, இந்தத் தொகையைத் திருப்பிவிட்டு மற்ற அட்டையில் மீண்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புதுப்பித்த சில நாட்களுக்குள் கேட்டால் பலர் மறுப்பதில்லை.

துறைமுகத்தான் (போர்ட் லூயிஸ்) எழுதியது:

கணக்கர் ஐயா சொன்ன வழி சரியானதே. ஆனால் தவறு முழுவதும் அம்மா அவர்களுடையது என்பது போன்ற தொனியை நான் ஏற்கவில்லை. ‘டிஃபால்ட்’ என்ற சொல்லைப் பெரிதாக எழுதிவிட்டு, அது பாதிக் கட்டணங்களுக்குப் பொருந்தாது என்பதை நான்காவது திரையில் வைப்பது யாருக்கு வசதி?

இந்தக் கேள்வி புதிதன்று. அம்மா பயன்படுத்தும் சேவை எது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. பொதுப் பதிவில் உள்ள ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2006-ஆம் ஆண்டு அமெரிக்காவின் 28 மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்களோடு பேபால் என்ற இணையக் கட்டணச் சேவை ஓர் உடன்பாட்டுக்கு வந்து 17 லட்சம் டாலர் கட்டியது. தாங்கள் கார்டில் செலுத்துவதாக எண்ணியிருக்க, வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனது என்பது அப்போது எழுந்த முறையீடுகளுள் ஒன்று. 2015 மே மாதத்தில் அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம், பேபாலின் கடன் வசதி வாடிக்கையாளர் கேளாமலே முதன்மை முறையாக முன்கூட்டித் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துக் குற்றம் சாட்டியது. அதன் முடிவில் வாடிக்கையாளர்களுக்கு 1.5 கோடி டாலரும் அபராதமாக 1 கோடி டாலரும் விதிக்கப்பட்டன.

காரணம் கணக்கில் இருக்கிறது. கிரெடிட் கார்டில் வாங்கினால், கட்டணச் சேவை அந்த அட்டையை வழங்கிய வங்கிக்கு ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு கொடுக்கவேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து நேராக எடுத்தால் அந்தச் செலவு பெரிதும் குறையும். வாங்குபவருக்கோ கிரெடிட் கார்டில்தான் பாதுகாப்பு அதிகம்: சச்சரவு தீரும்வரை சிக்கியிருப்பது வங்கியின் பணம், தன் வீட்டுத் தவணைப் பணமன்று. ஆக, முதல் இடத்தில் எது நிற்கவேண்டும் என்பதில் இரு தரப்பின் நலனும் எதிரெதிரானது.

வரிசை என்பது சின்ன விஷயம் என்று நம் நாட்டவர் யாரும் சொல்லமாட்டார்கள். 1998-இல் புதிய ரூபாய்த் தாள்களில் தமிழ் எழுத்து இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்திற்குத் தள்ளப்பட்டபோது எழுந்த எதிர்ப்பில் அந்தத் தாள்களையே திரும்பப் பெறவேண்டியதாயிற்று.

சேன்தெனி_வாசகன் (ரியூனியன்) எழுதியது:

இடையில் ஒரு செய்தி. எங்கள் தீவு பிரான்சின் பகுதி என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டு விதிமுறை இங்கும் செல்லும். எங்கள் அட்டைகள் பலவற்றில் பிரான்சின் உள்நாட்டு அட்டை வலையமைப்பான ‘சேபே’யின் முத்திரையும் விசா அல்லது மாஸ்டர்கார்டு முத்திரையும் சேர்ந்தே இருக்கும். கடைக்காரர் தன் கருவியில் ஏதேனும் ஒன்றை முன்கூட்டியே தேர்ந்து வைக்கலாம். ஆனால் வாங்குபவர் அதை மாற்ற முனைந்தால் தடுக்கக்கூடாது என்று அவ்விதிமுறை சொல்கிறது. அதே விதிமுறைதான், அட்டை வழங்கிய வங்கிக்குப் போவதாகத் துறைமுகத்தான் சொன்ன பங்கையும் டெபிட் கார்டுக்கு 0.2 விழுக்காடு, கிரெடிட் கார்டுக்கு 0.3 விழுக்காடு என்று கட்டுப்படுத்தியது. மொரீஷியசுக்கு இது பொருந்தாது என்பதை அறிவேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எழுதினேன்.

பேரேடு எழுதியது:

துறைமுகத்து நண்பரே, தொனி அப்படி இருந்திருந்தால் அம்மா பொறுத்தருள்க. ஆயினும் அமெரிக்காவில் கட்டப்பட்ட அபராதத்தால் ரோஸ் ஹில்லில் ஒரு ரூபாயும் திரும்பி வராது. இங்கே நிதிச் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகம் இருக்கிறது. ஆனால் அது நம் மத்திய வங்கியிடமோ நிதிச் சேவைகள் ஆணையத்திடமோ உரிமம் பெற்ற நிறுவனங்களைப் பற்றிய முறையீடுகளுக்கானது, அதுவும் நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் முறையிட்ட பின்னரே. தவணை திரும்பியதற்கு வங்கி பிடித்த கட்டணத்தை அங்கே கேட்கலாம். வெளிநாட்டுச் சேவையை அங்கே இழுப்பது எளிதன்று.

மற்றொன்றையும் பாருங்கள் அம்மா. டாலரை ரூபாயாக மாற்றியது யார்? 119 டாலருக்கு 5,680 என்றால் டாலருக்கு ஏறத்தாழ 47.70 ஆகிறது. கட்டணச் சேவையே தன் இலாபத்தைச் சேர்த்து மாற்றியிருக்கலாம். அட்டை வழங்கிய வங்கியே மாற்றட்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால், அதையும் ஒவ்வோர் அட்டைக்கும் தனியாகவே குறிக்கவேண்டும். அதுவும் நம்மைக் கேளாமல் அமைக்கப்பட்ட ஒரு டிஃபால்ட்தான்.

மாலைவகுப்பு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் நிறுவனம் இரண்டு நாட்களில் 119 டாலரைத் திருப்பி அனுப்பி, கிரெடிட் கார்டில் மீண்டும் எடுத்துக்கொண்டது. டெபிட் கார்டுக்கு வந்து சேர்ந்ததோ 5,430 ரூபாய்தான். போகும்போது ஒரு விலை, வரும்போது ஒரு விலை என்று மாற்றியதில் 250 ரூபாய் கரைந்துவிட்டது. வங்கிக் கிளையில், இது முதல் தடவை என்பதால், தவணைக்குப் பிடித்த கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். மீதிப் பாதிக்கு எழுத்தில் முறையிட்டிருக்கிறேன். கட்டணச் சேவையிடம், ‘டிஃபால்ட்’ குறியை மாற்றும் திரையிலேயே சந்தாக்கள் பழைய அட்டையில் தொடரும் என்று ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்; அதற்கும் அமைப்புகள் சரியாகவே செயல்பட்டுள்ளன என்றுதான் பதில் வந்தது.

பேரேடு ஐயா சொன்ன பகுதியைத் திறந்து பார்த்தபோது, பழைய டெபிட் கார்டில் இன்னும் நான்கு ஒப்பந்தங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, நான் இரண்டு ஆண்டுகளாகத் திறந்தே பார்க்காத ஒரு மின்னிதழ்.