நடைக்கடுப்பா, இடைவிட்ட நொண்டலா?

கேள்வி (மொழிபெயர்ப்பாளர், சென்னை)

குழுவினருக்கு வணக்கம். கால் தமனியில் அடைப்பு உள்ளவர்கள் வீட்டிலேயே நடந்து பழக ஒரு கையேட்டைத் தமிழாக்குகிறேன். வாரம் ஒருமுறை செவிலியர் போனில் கூப்பிட்டு விசாரிப்பார். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். இரண்டு சொற்களில் மாட்டிக்கொண்டேன். ஒன்று ‘இன்டர்மிட்டன்ட் கிளாடிகேஷன்’. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், சில நிமிடம் நின்றால் விட்டுவிடும். என்னிடம் உள்ள பழைய பட்டியல் ‘இடைவிட்ட நொண்டல்’ என்கிறது. இன்னொன்று ‘ரிமோட் கோச்’, அதாவது போனில் வழிகாட்டும் அந்தச் செவிலியர்.

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்

இடைவிட்ட நொண்டலில் என்ன குறை? இலத்தீனில் ‘கிளாடுஸ்’ என்றால் நொண்டி. உரோமப் பேரரசர் கிளாடியசின் குடிப்பெயரும் அதே வேர்தான், மனிதரும் காலை இழுத்து நடந்தவர். தமிழுக்கும் இந்தச் சொல்லில் கூச்சம் இருந்ததில்லை. ஏணிச்சேரி முடமோசியார் அந்த அடையோடுதான் புறநானூற்றில் நிற்கிறார். நொண்டி நாடகம் என்று ஒரு சிற்றிலக்கிய வகையே உண்டு.

இயன்முறை மருத்துவர், கோவை

ஐயா, நொண்டி நாடகத்தின் நாயகன் குதிரை திருடப் போய்க் கால் வெட்டுப்பட்டவன். அந்தப் பெயரையா என் நோயாளிக்கு வைப்பது? அதோடு, இவர்களில் பலர் நொண்டுவதே இல்லை, நின்றுவிடுகிறார்கள். என்னிடம் வரும் பெரியவர் ஒருவர் தெருமுனை மளிகைக்கடை வாசலில் நின்று, வாங்காத பருப்புக்கு விலை கேட்பார். கால் விட்டதும் நடப்பார். ஜெர்மானியர் இதற்குக் ‘கடைக்கண்ணாடி நோய்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

‘நடைவலி’ என்று எழுதவும் எனக்குப் பயம். வலி என்று படித்தவர் வலித்ததும் நாற்காலியைத் தேடுவார். இந்தப் பயிற்சியோ நேர்மாறு. நன்றாக வலி ஏறும்வரை நடக்க வேண்டும், நிற்க வேண்டும், தணிந்ததும் மறுபடி நடக்க வேண்டும். கால் தமனி அடைப்பு உள்ளவர்களை வைத்து நடந்து 2021இல் வெளியான ‘லைட்’ ஆய்வில் இரு பிரிவினர் 12 மாதம் வீட்டில் நடந்தார்கள், இருவருக்கும் போன் வழிகாட்டல் இருந்தது. வலி வருமளவு நடந்தவர்களுக்கு ஆறு நிமிட நடைத்தூரம் சராசரியாக 34.5 மீட்டர் கூடியது. வலிக்காமல் மெதுவாக நடந்தவர்களுக்கு முன்னேற்றமில்லை. (சும்மா இருக்கும்போதே வலித்தாலோ, காலில் ஆறாத புண் இருந்தாலோ அது வேறு கதை. உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.)

ஆசிரியை, யாழ்ப்பாணம்

எங்கட பாடப்புத்தகங்களில் தமனி இல்லை, நாடிதான். சிரைக்கு நாளம். நாடி அடைப்பு என்றால் இங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். அந்த வலியை நாங்கள் ‘கால் உளையுது’ என்போம். ‘நடையுளைவு’ சரிவராதா?

மொழிபெயர்ப்பாளர்

அக்கா, அழகான சொல். ஆனால் இங்கே உளைச்சல் என்றால் மனத்துக்குப் போய்விட்டது. நாடி என்றால் கையைப் பிடித்துப் பார்ப்பது.

இயன்முறை மருத்துவர், கோவை

அந்தப் பெரியவர் சொல்வது ‘கால் கடுக்குது’. கால்கடுக்க நின்றேன் என்று நாமே சொல்கிறோமே. நடைக்கடுப்பு? போனில் “எத்தனையாவது நிமிஷத்தில் கடுத்துது?” என்று கேட்டால் பதில் வரும். “எப்போது இடைவிட்டு நொண்டினீர்கள்?” என்று கேட்டால் போனை வைத்துவிடுவார்.

இளைஞர் ஒருவர், பெங்களூர்

கடுப்பு என்றால் எரிச்சல் இல்லையா? ‘கடுப்பேத்தாதே’.

தமிழாசிரியர்

தம்பி, வயிற்றுக்கடுப்பும் நீர்க்கடுப்பும் எரிச்சலுக்கு முந்தியவை. ஆனால் கடுமைக்கு விரைவு என்ற பொருளும் உண்டு, கடுந்தேர், கடும்பரி. அப்படியானால் நடைக்கடுப்பு வேகநடை ஆகிவிடும்! ‘கடுப்ப’ உவம உருபும்கூட. அதைத் தனி மடலாக எழுதுகிறேன்.

தேர் என்றதும் நினைவு வந்தது. ‘கோச்’சும் வண்டிதான், அங்கேரியில் கோச் என்ற ஊரில் செய்த வண்டி. மாணவனை ஏற்றிச் செல்பவர் என்று பிறகு ஆசிரியருக்கு ஆகிவந்தது. எனவே ‘தொலைத்தேர்ப்பாகர்’.

மொழிபெயர்ப்பாளர்

ஐயா, வெள்ளிக்கிழமை.

ஆசிரியை, யாழ்ப்பாணம்

வழித்துணை என்று போடுங்கோ. ‘தொலை’யே வேண்டாம், ‘தொலைந்து போ’ மாதிரிக் கேட்கும்.

மொழிபெயர்ப்பாளர் (வியாழன் இரவு)

நடைக்கடுப்புக்கு ஐந்து பேர், நடையுளைவுக்கு இரண்டு பேர், நொண்டலுக்கு ஐயா. நடைக்கடுப்பு, நடைத்துணை என்று எழுதி அனுப்பிவிட்டேன். வழித்துணை என்றதும் சரிபார்த்தவருக்குச் சவ ஊர்வலம் நினைவுக்கு வந்ததாம். இலங்கைப் பதிப்பு வந்தால் நாடியும் உளைவும், அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

தமிழாசிரியர்

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். நடையால் வரும் கடுப்பு, ஒற்று மிகுந்தது முறை. ஆனால் நீங்கள் இணைத்த மூன்றாம் பக்கத்தில் ‘நடைபயிற்சி’ ஒற்றில்லாமல் நிற்கிறது. அச்சுக்குப் போய்விட்டதா?