பழைய படகுக்குப் புது விஞ்ச்

சனி

ரவி சித்தப்பா: எல்லோரும் கொஞ்சம் யோசனை சொல்லுங்கள். நம் பாய்மரப் படகின் காக்பிட்டில் இருக்கும் இரண்டு ஜெனோவா விஞ்சுகளையும், அதாவது முன்பக்கப் பெரிய பாயின் கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளைகளை, மாற்றிவிடலாமா என்று பார்க்கிறேன். நேற்று வலது பக்க விஞ்ச் பாரத்தோடு பின்னால் வழுக்கி, ஹேண்டில் மீனாவின் மணிக்கட்டில் அடித்துவிட்டது.

செல்வி: ஐயோ! சித்தி, இப்போது எப்படி இருக்கிறது?

மீனா சித்தி: வீக்கம்தான் கண்ணு. எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஹேண்டிலைத் தொடவே பயமாக இருக்கிறது.

பெரியப்பா: முதலில் விஞ்சைத் திறந்து பார்த்தாயா ரவி? உள்ளே ஸ்பிரிங் வைத்த சின்னத் தடுப்பு நாக்குகள் இருக்குமே, அவை ஒட்டிக்கொண்டால்தான் இப்படி வழுக்கும்.

ரவி சித்தப்பா: திறந்தேன் அண்ணா. அதேதான். போன வருடம் சர்வீஸுக்குக் கொடுத்த இடத்தில் நாக்குகள் மேலேயே கெட்டி கிரீஸை அப்பியிருக்கிறார்கள். உப்பும் சேர்ந்து பிசின் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாக்குகள் வெளியே வரவே இல்லை.

பெரியப்பா: கியருக்கும் பேரிங்குக்கும்தான் கிரீஸ், அதுவும் மெல்லியதாக. நாக்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும். கழுவி, ஸ்பிரிங்கை மாற்றிப் போடு, வழுக்குவது நின்றுவிடும். நல்ல வெண்கல டிரம் அது. அப்புறம் எதற்குப் புதிது?

மீனா சித்தி: வழுக்காவிட்டாலும் கனம்தான் மாமா. காற்று 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தைத் தொட்டால் கடைசி இரண்டு அடிக் கயிறு என் கைக்கு வருவதில்லை. ஒரு கையால் சுற்றி, மறு கையால் கயிற்று நுனியை இழுத்துப் பிடித்தால் சுக்கானை யார் பிடிப்பது? இவர் தூங்கும் நேரத்தில் நான் தனியாகத்தான் காவலில் இருக்கிறேன்.

பெரியப்பா: அது சரி. அதற்கு செல்ஃப் டெய்லிங் விஞ்ச்தான் வழி. மேலே இருக்கும் தாடை கயிற்றைக் கவ்விக்கொள்ளும், ஒரு கை மிச்சம்.

அருண் அண்ணா: பேசாமல் எலக்ட்ரிக் போட்டுவிடலாமே? பட்டனை அழுத்தினால் முடிந்தது.

ரவி சித்தப்பா: 12 வோல்ட்டில் அந்த மோட்டார் இழுக்கும் கரண்டுக்குப் பேட்டரியிலிருந்து விரல் தடிமனுக்குக் கேபிள் போட வேண்டும் அருண். மோட்டார் தொங்கும் இடத்தில் இப்போது நம் அலமாரி இருக்கிறது.

மீனா சித்தி: எனக்கும் வேண்டாம். கயிறு ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சிக்கினாலும், பாய் எதிலாவது மாட்டினாலும் கைக்கு உடனே தெரியும். மோட்டாருக்குத் தெரியாது, இழுத்துக்கொண்டே இருக்கும்.

செல்வி: சித்தப்பா, ஜெனோவா எத்தனை சதுர மீட்டர்? விஞ்ச் டிரம்மின் விட்டம் என்ன? லோ கியரில் ஹேண்டிலை எத்தனை சுற்று சுற்றினால் டிரம் ஒரு சுற்று வருகிறது?

ரவி சித்தப்பா: பாய் 35. டிரம் 7.5 செ.மீ. ஹேண்டில் 4 சுற்றுக்கு டிரம் 1.

செல்வி: சரி, கணக்கைப் பாருங்கள். பாயின் பரப்பு × காற்று வேகத்தின் வர்க்கம் × 0.021, இதுதான் ஷீட்டில், அதாவது பாயை இழுக்கும் கயிற்றில், விழும் பாரம், கிலோவில். காற்று என்பது படகில் நின்று நாம் உணரும் காற்று, நாட் கணக்கில். 35 × 400 × 0.021 = 294 கிலோ. இனி விஞ்ச். ஹேண்டில் நீளத்தை டிரம்மின் ஆரத்தால் வகுத்து, கியரால் பெருக்க வேண்டும். வழக்கமான 10 அங்குல ஹேண்டில் 25.4 செ.மீ. 25.4 ÷ 3.75 × 4, ஏறக்குறைய 27. அதாவது 294 கிலோவுக்குக் கையில் 11 கிலோ. உராய்வைச் சேர்த்தால் இன்னும் அதிகம்.

மீனா சித்தி: 25.4 இல்லை செல்வி. நான் பயன்படுத்துவது குட்டை ஹேண்டில். நீளமானது ஸ்ப்ரே ஹூட் (அலைத் தெறிப்பைத் தடுக்கும் கூடாரம்) குழாயில் இடிக்கிறது.

செல்வி: 8 அங்குல ஹேண்டிலா? அப்படியானால் ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விட்டது சித்தி! 27 என்பது 22-க்கு இறங்கிவிடும். கையில் 13 கிலோவுக்கும் மேல். இத்தனை நாள் இதையா சுற்றிக்கொண்டிருந்தீர்கள்?

ரவி சித்தப்பா: எனக்கு இது தோன்றவே இல்லை. என் கைக்குச் சுற்ற வருகிறது என்பதால் விஞ்ச் போதும் என்றே இருந்துவிட்டேன். மீனா, மன்னித்துக்கொள்.

பெரியப்பா: அளவைத் தேர்ந்தெடுப்பது படகில் பலம் குறைந்த கையை வைத்துத்தான் ரவி. 34 அடிப் படகுக்கு 40 போதும் என்பார்கள். நீ 46 போடு.

அருண் அண்ணா: 40, 46 என்பது அந்தப் பெருக்கம்தானா?

செல்வி: ஆமாம் அண்ணா, லோ கியரில் 10 அங்குல ஹேண்டிலோடு. ஹார்கன், ஆண்டர்சன் ஆகிய இரண்டு கம்பெனிகளிலும் 40, 46 உண்டு. லூமரில் 40, 45. நின்றுபோன பழைய கம்பெனிகளின் எண்களை மட்டும் அப்படியே நம்பக் கூடாது, எல்லோரும் இதே கணக்கில் எண் போடவில்லை. 46 என்றால் 294 கிலோவுக்குக் கையில் ஆறரை கிலோ. குட்டை ஹேண்டிலைப் போட்டால் அதுவும் 37 ஆகிவிடும். அதனால் இடத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

ரவி சித்தப்பா: டிரம் எந்த உலோகம் அண்ணா?

பெரியப்பா: அலுமினியம் இலேசு, விலையும் குறைவு. கம்பிக் கயிறு ஓடினால் அரித்துவிடும், உங்களிடம் அது இல்லை. க்ரோம் பூசிய வெண்கலம் கனமானது, நெடுநாள் உழைக்கும். ஆண்டர்சனின் ஸ்டெயின்லெஸ் டிரம்மில் செங்குத்தாக வரிகள் இருக்கும், சொரசொரப்பு இல்லாததால் கயிறு தேயாது. எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் எதை வாங்கினாலும் நாக்கும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்.

ரவி சித்தப்பா: ஷீட் 14 மி.மீ. தாடைக்குள் போகுமா?

செல்வி: மாடலுக்கு மாடல் மாறும், அட்டவணையில் பாருங்கள். பலத்துக்கு 12 தாராளம். 14 கைக்கு வசதி, அவ்வளவுதான்.

ஞாயிறு

மீனா சித்தி: [படம்] விஞ்ச் கம்பெனியின் அடித்தட்டு வரைபடத்தை அச்செடுத்து அட்டையில் ஒட்டினேன். நடுவில் ஆணி குத்தி 10 அங்குலத்துக்கு ஒரு கட்டையை மாட்டிச் சுற்றிப் பார்த்தேன். இப்போதைய இடத்தில் இடிக்கிறது. 9 செ.மீ. பின்னால் நகர்த்தினால் முழுச் சுற்றும் வருகிறது, விரல் முட்டியும் உரசவில்லை.

பெரியப்பா: அருமை மீனா! நகர்த்தினால் கயிறு வரும் கோணம் மாறும், அதையும் பார்த்துக்கொள். டிரம்முக்குக் கொஞ்சம் கீழேயிருந்து, 3 முதல் 8 டிகிரியில் ஏறி வர வேண்டும். மேலேயிருந்து வந்தால் சுற்றின் மேல் சுற்று ஏறிவிடும்.

மீனா சித்தி: நூல் கட்டிப் பார்த்தேன் மாமா. புது விஞ்ச் உயரம் என்பதால் கீழேயிருந்துதான் வருகிறது.

ரவி சித்தப்பா: பழைய போல்ட் ஓட்டையைச் சுற்றி உள்மரம் ஈரமாக இருக்கிறது. அதைச் சுரண்டிக் காயவைத்து எபாக்சி நிரப்புகிறேன். புது ஓட்டைகளையும் பெரிதாகத் துளைத்து, எபாக்சி ஊற்றி, இறுகிய பிறகு சரியான அளவில் மறுபடி துளைப்பேன். அடியில் தடித்த தட்டு.

அருண் அண்ணா: பழைய ஜோடி என்ன ஆகும் சித்தப்பா?

ரவி சித்தப்பா: பெரியப்பா சொன்னபடி கழுவி, ஸ்பிரிங் மாற்றி, கேபின் கூரைக்கு, பாயை மேலே ஏற்றும் கயிறான ஹாலியார்டுக்கு. அங்கே 27 தாராளம்.

மீனா சித்தி: அப்போது 46 ஜோடி, ஆண்டர்சன். ஆர்டரை நானே போட்டுவிட்டேன். போல்ட்டை மேலேயிருந்து நான் திருகுகிறேன், நீங்கள் அலமாரிக்குள் படுத்து நட்டைப் பிடியுங்கள்.